ஒரு கப்பலுக்கு எண்பது ரயில் தண்ணீர்

பிப்ரவரி 12, கிண்டி

பனாமா கால்வாய் வழியாகக் கப்பலில் போகப் போகிறோம் என்றதும் தெருவில் எல்லோரும் விசாவைப் பற்றித்தான் கேட்டார்கள். எங்களுக்கு முதலில் வந்து நின்ற வேலை ஊசி. வழியில் வரும் கொலம்பியாவும் பனாமாவும் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடுகள். தடுப்பூசி போட்ட அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் நம் விமான நிலையத்தில் ஊருக்குள் விடாமல் தனியாக வைத்துவிடுவார்கள். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும்.

காலையிலேயே கிங் இன்ஸ்டிடியூட் போய் வரிசையில் நின்றோம். முன்னாலும் பின்னாலும் ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போகிற பையன்கள், கப்பலில் சேரப் போகிற பையன்கள். நரைத்த தலை எங்கள் இரண்டும்தான். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியை யோசித்துத்தான் போடுவார்கள். எங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை அண்ணன் சட்டைப் பையிலிருந்து மூன்று முறை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

அண்ணன் சென்னைத் துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் லஸ்கராக, அதாவது கடைநிலை மாலுமியாகச் சேர்ந்து, அதை ஓட்டும் சாரங்காக ஓய்வு பெற்றவர். ராயபுரத்தில் அவர் வயதுக்காரர்கள் இன்னும் சாரங்கு என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் கீழ்ப்பாக்கம் குடிநீர் நிலையத்தில் 31 வருடம் வேலை பார்த்து, மூன்று வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றேன். அண்ணன் மகள் ஃப்ளோரிடாவில் இருக்கிறாள். அப்பாவைக் கப்பலில் ஏற்ற வேண்டும் என்பது அவள் ஆசை. அண்ணிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. "நீ கூடப் போம்மா, மாத்திரைய நேரத்துக்கு எடுத்துக் குடு" என்று என்னை அனுப்புகிறார்.

ஊசி போட்ட நர்ஸ் கேட்டார்: "இந்த வயசுல எதுக்குங்க ஐயா அவ்ளோ தூரம்?"

"முப்பத்திநாலு வருஷமா அந்த ஊர்ப் பேர தள்ளிகினு இருந்தேம்மா. ஒருவாட்டி நேர்ல பாத்துட்டு வந்துடறேன்."

நர்ஸுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கப்பலின் பின்புறத்தில் பெயரும் அதன் கீழே அது பதிவான ஊரும் எழுதியிருக்கும். உலகத்துக் கப்பல்களில் ஒரு பெரிய பங்கு பனாமாவில் பதிவானவை. அண்ணனின் இழுவைக் கப்பல் மூக்கை வைத்துத் தள்ளிய கப்பல்களில் எத்தனையோ கப்பல்களின் பின்புறத்தில் அந்த ஒரே பெயர். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, அத்தனை கப்பல் செய்கிற ஊர் எவ்வளவு பெரிய ஊராக இருக்கும் என்று பேசிக்கொள்வோம். தமிழ்நாட்டைவிடச் சின்ன நாடு அது.

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். நான் படித்து வைத்திருந்ததை அண்ணனிடம் சொன்னேன். சூயஸ் கால்வாயை வெட்டி முடித்த ஃபெர்டினாண்ட் டி லெசெப்ஸ்தான் பனாமாவையும் முதலில் தொட்டவர். 1881இல் தொடங்கி 1889இல் கம்பெனி திவாலானது. அதற்குள் இறந்தவர்கள் இருபதாயிரத்துக்கும் மேல் இருக்கும் என்பது மதிப்பீடு. பெரும்பாலும் மஞ்சள் காய்ச்சல், மலேரியா. பிரெஞ்சுக்காரர்கள் நல்ல மருத்துவமனை கட்டியிருந்தார்கள். எறும்பு ஏறாமல் இருக்கக் கட்டில் கால்களின் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்தார்கள். நம் வீட்டில் அம்மா சாப்பாடு வைக்கும் மீசேஃப் அலமாரியின் கால்களுக்கு வைப்பாளே, அதே ஏற்பாடு. அந்தக் கிண்ணத்தில்தான் கொசு முட்டையிட்டது. காலில் அடிபட்டுச் சேர்ந்தவனும் காய்ச்சலில் செத்தான். கொசு நோயைச் சுமக்கிறது என்பதே அப்போது உறுதியாகவில்லை. மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897இல்தான்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அந்த மீசேஃப் கிண்ணத்துல தண்ணி மாத்தறது என் வேல" என்றார்.

மார்ச் 3, ஃபோர்ட் லாடர்டேல்

விமானப் பயணத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கால் வீங்கியது, இறங்கியது.

கப்பலில் ஏறியாயிற்று. பதினைந்து இரவுப் பயணம், கலிஃபோர்னியாவில் முடியும். அறை சின்னது, ஜன்னல் உண்டு. அண்ணன் பெட்டியைக்கூடத் திறக்காமல் மேல்தளத்துக்குப் போய்விட்டார். போய்ப் பார்த்தால், கப்பல் கரையை விட்டு விலகுவதைப் பார்த்துக்கொண்டு வலது கையை லேசாகத் திருப்பிக்கொண்டிருக்கிறார், கையில் சுக்கான் இருப்பதுபோல. முப்பத்திநாலு வருடமும் வெளியிலிருந்தே கப்பலைப் பார்த்தவர். உள்ளே நின்று கரை விலகுவதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

மார்ச் 4, 5, கடல்

இரண்டு நாளும் தண்ணீர்தான். கியூபா பக்கம் கொஞ்சம் ஆட்டம் இருந்தது.

சாப்பாட்டு அறையில் தூத்துக்குடித் தம்பி ஒருவர் பரிமாறுகிறார். நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வந்து "அக்கா, எந்த ஊரு?" என்றார். இரவில் சமையலறையில் சொல்லி மிளகு தட்டிப் போட்ட ரசம் ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார். அண்ணன் அதை அண்ணாந்து குடித்தார்.

மேல்தளத்தில் உட்கார்ந்து 1914ஆம் வருடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். ஆகஸ்ட் 15 அன்று அங்கோன் என்ற கப்பல் கால்வாயை முறைப்படி திறந்துவைத்துக் கடந்தது. ஐரோப்பாவில் போர் மூண்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஆகையால் உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. அதே வருடம் மார்ச்சில், துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். இதை அண்ணன் தன் வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வார். என் பங்குக்கு நான் சொன்னது: கீழ்ப்பாக்கம் நீர்நிலையமும் 1914தான். செங்குன்றம் ஏரியிலிருந்து செங்கல் கால்வாய் வழியாகத் தண்ணீர் தானாகவே சரிவில் ஓடி அங்கே வந்து சேரும். வந்த பிறகுதான் மோட்டார்.

இந்தக் கடைசி வரி இரண்டு நாள் கழித்து எனக்கு எவ்வளவு வேண்டியிருக்கும் என்று அப்போது தெரியாது.

மார்ச் 6, கார்த்தஹேனா

கொலம்பியாவின் பழைய கோட்டை ஊர். வெயில் நம் மே மாதத்து வெயில். மதில்மேல் கொஞ்சம் நடந்தோம், இளநீர் குடித்தோம், திரும்பிவிட்டோம். நாளை நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். அண்ணன் எட்டு மணிக்கே படுத்துவிட்டார். தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிகிறது.

மார்ச் 7, கால்வாய்

இதை இரவு பதினொன்றுக்கு எழுதுகிறேன். விட்டுப்போனதை நாளை சேர்க்கிறேன்.

விடியற்காலை ஐந்துக்கு முன்தளம் போனோம். இருட்டில் நாலாப் பக்கமும் கப்பல் விளக்குகள், எல்லாம் நங்கூரமிட்டுக் காத்திருப்பவை. பைலட் படகு வந்து ஒட்டியது. அண்ணன் என் தோளைத் தட்டினார்: "நம்ம ஊர்ல பைலட் வந்தா வழி சொல்வாரு, பொறுப்பு கேப்டனோடதுதான். இங்க மட்டும் கப்பலையே பைலட் கையில குடுத்துடணும்." கேப்டனே ஒதுங்கி நிற்கிற கால்வாய். அந்த மரியாதை அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

விடியும்போது 2019இல் திறந்த அட்லாண்டிக் பாலத்தின் அடியில் நுழைந்தோம். எதிரே கட்டூன் லாக். கதவு போட்டு, தண்ணீர் மட்டத்தை மாற்றிக் கப்பலை ஏற்றி இறக்கும் அறைதான் லாக். அதற்கு நல்ல தமிழ்ச் சொல் தேடிப் பார்த்தேன். நீர்ப்பூட்டு என்று எழுதுகிறார்கள். எங்கள் தாத்தா லாக்கு என்றுதான் சொல்வார், நானும் அப்படியே எழுதுகிறேன். தாத்தா கதை பிறகு.

வாசலுக்கு வந்ததும் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. இத்தனை பெரிய கப்பலுக்கு முன்னால் இரண்டு பேர் ஒரு சின்னப் படகில் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார்கள். மோட்டார் கிடையாது. கப்பலிலிருந்து இறங்கிய எறிகயிற்றைப் பிடித்துக் கரைக்குக் கொடுத்தார்கள். அந்தக் கயிற்றில் கட்டித்தான் கரையில் இருக்கும் எஞ்சின்களின் கம்பி வடம் கப்பலுக்கு வருகிறது. நூறு வருடம் தாண்டியும் முதல் கயிறு துடுப்புப் படகில்தான் போகிறது. அண்ணன் கைதட்டினார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பாட்டியும் சேர்ந்து தட்டினார்.

அந்த எஞ்சின்களுக்குக் கோவேறு கழுதை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். லாக்கின் இரண்டு சுவர்மேலும் தண்டவாளம், அதில் வெள்ளிநிற மின்சார எஞ்சின்கள் கப்பலின் முன்னும் பின்னும் வடத்தைப் பிடித்தபடி கூடவே ஊர்ந்து வருகின்றன. பைலட் கட்டளை கொடுத்தால் மணி அடித்துப் பதில் சொல்கின்றன. கோயில் மணிபோலச் சின்னச் சத்தம். அவை கப்பலை இழுக்கின்றன என்றுதான் நினைத்திருந்தேன். அண்ணன் திருத்தினார். கப்பல் தன் எஞ்சினில்தான் போகிறது. சுவரில் இடிக்காமல் நடுவில் நிறுத்தி வைப்பதும், வேண்டிய இடத்தில் நிற்கப் பிடிப்பதும்தான் இவற்றின் வேலை. திருவல்லிக்கேணித் தேரில் வடம் பிடிக்கும் கூட்டத்தை எல்லோரும் பார்ப்பார்கள். சக்கரத்துக்குக் கீழே கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிறவரும் நிறுத்துகிறவரும் யார் கண்ணிலும் படுவதில்லை. இவை அந்த முட்டுக்கட்டைக்காரர்கள்.

லாக் அறையின் அகலம் 33.5 மீட்டர். எங்கள் கப்பல் 32 மீட்டருக்குச் சற்று மேல். ஒரு பக்கத்துக்கு மூன்று சாண் இடைவெளிகூட இல்லை. கையை நீட்டினால் நூறு வருடம் தாண்டிய சிமெண்டைத் தொட்டுவிடலாம் போலிருந்தது.

பின்னால் கதவுகள் மூடின. இரண்டு இரும்புக் கதவுகள், ஒவ்வொன்றும் இரண்டு மீட்டருக்கு மேல் தடிமன். நேர்க்கோட்டில் மூடாமல் மேல் தண்ணீர்ப் பக்கம் முனை நீட்டிக் கூப்பிய கைபோல் மூடிக்கொள்கின்றன. தண்ணீர் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு இறுக்கம். உள்ளே கூடாக இருப்பதால் தண்ணீரில் பாதி மிதக்கும், திருப்பப் பெரிய மோட்டார் வேண்டாம்.

பிறகு தண்ணீர் ஏறத் தொடங்கியது. நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். முப்பது வருடம் மோட்டார் சத்தத்தை வைத்தே பம்ப் நலமா இல்லையா என்று சொன்னவள் நான். இங்கே சத்தமே இல்லை. அடியில் சுவருக்குள் ரயில் போகிற அளவு குழாய், தரையெல்லாம் துளை. மேலே இருக்கும் ஏரியின் மதகைத் திறந்தால் தண்ணீர் தானாக இறங்கி, அறையை நிரப்பி, கப்பலைத் தூக்குகிறது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை, சுவர் எங்கள் கண்ணுக்குக் கீழே போய்விட்டது. மூன்று படி இப்படி ஏறினோம், மொத்தம் 26 மீட்டர். அத்தனைக்கும் ஒரு பம்ப் கிடையாது. செங்குன்றத்திலிருந்து கீழ்ப்பாக்கத்துக்குத் தண்ணீர் வருகிற அதே நியாயம்தான், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னாம்மா?" என்றார் அண்ணன். சொல்லத் தெரியவில்லை.

கிழக்கே கொஞ்ச தூரத்தில் 2016இல் திறந்த புதிய லாக் தெரிந்தது. 55 மீட்டர் அகலம், 427 மீட்டர் நீளம். கண்டெய்னர் அடுக்கிய கப்பல் ஒன்று காட்டுக்கு நடுவே கட்டடம்போல் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே கோவேறு கழுதைகள் இல்லை. முன்னால் ஓர் இழுவைக் கப்பல், பின்னால் ஓர் இழுவைக் கப்பல், இரண்டும் பெரிய கப்பலோடு சேர்ந்து லாக்குக்குள்ளேயே பூட்டப்படுகின்றன. அண்ணன் பைனாகுலரை இறக்கவே இல்லை. "பின்னாடி இருக்கறவன் பாரும்மா, பின்னோக்கிப் புடிச்சிகினே முன்னால போறான். கை நடுங்கினா போச்சு." அந்தச் சாரங்கின் முகத்தை இங்கிருந்து பார்க்க முடியாது. அண்ணன் பார்த்துவிட்டார் என்றே நினைக்கிறேன்.

ஒன்பது மணிவாக்கில் ஏரிக்குள் வந்துவிட்டோம்.

கால்வாய் என்றால் இரண்டு கடலையும் சேர்க்கிற நீளமான வாய்க்கால் என்றுதான் நான் பள்ளிக்கூடத்தில் வரைந்தேன். அப்படி வெட்டத்தான் டி லெசெப்ஸும் முயன்றார். 1904இல் வேலையை எடுத்துக்கொண்ட அமெரிக்கர்கள் சில வருடம் கழித்து வேறு முடிவுக்கு வந்தார்கள். மலையைக் கடல் மட்டம்வரை வெட்டுவதற்குப் பதில், சாக்ரெஸ் ஆற்றை கட்டூனில் அணைகட்டி மறித்து ஓர் ஏரியை மேலே உண்டாக்கினார்கள். கப்பலை ஏரிக்கு ஏற்றி, அந்தப் பக்கம் இறக்கிவிடலாம். ஆகவே 82 கிலோமீட்டரில் ஒரு பெரிய பங்கு ஏரிதான். இந்த ஏரித் தண்ணீர் வேறு எங்கிருந்தும் வருவதில்லை, எல்லாம் மழைதான். கப்பல் மழைத்தண்ணீர்மேல் ஏறி மலையைத் தாண்டுகிறது.

தண்ணீருக்கு மேல் இன்னும் பட்டமரங்களின் தலை தெரிகிறது. தீவுகள் என்று காட்டியவை எல்லாம் மூழ்கிய மலைகளின் உச்சி. பாரோ கொலராடோ என்ற தீவில் காட்டை ஆராய்கிறார்கள். அந்தக் காட்டோடு ஊர்களும் மூழ்கின. ஒலிபெருக்கியில் அதை ஒரே வரியில் சொல்லி முடித்தார்கள்.

அடுத்து ஒலிபெருக்கியில் சொன்ன எண்ணில்தான் நான் நின்றுவிட்டேன். ஒரு கப்பல் ஏறி இறங்க ஏறக்குறைய 20 கோடி லிட்டர் ஏரித் தண்ணீர் கடலுக்குப் போகிறது. நல்ல தண்ணீர். பனாமா நகரமும் கொலோனும் குடிப்பதற்கும் இந்த ஏரியிலிருந்து எடுக்கிறார்கள்.

2019 ஜூன் மாதம் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்ததை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் வந்தது. ஐம்பது வேகன், 25 லட்சம் லிட்டர். குழாய் வழியாக எங்கள் கீழ்ப்பாக்கத்துக்குத்தான் அந்தத் தண்ணீர் வந்தது. அன்று பணியில் இருந்தேன். தண்ணீர் தொட்டியில் விழுந்தபோது வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் வந்து நின்று பார்த்தோம். ஒருவர் கையில் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

டைரியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். 20 கோடியை 25 லட்சத்தால் வகுத்தால் 80. நாங்கள் இந்த மலையைத் தாண்ட எண்பது தண்ணீர் ரயில். மழை நன்றாக இருக்கும் நாளில் 36 கப்பல் கடக்கும். அந்தக் கணக்கில் நிரம்பிய செம்பரம்பாக்கம், 3645 மில்லியன் கன அடி, பதினைந்து நாள் தாங்காது.

அண்ணனிடம் தாளைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் படித்தார். "நம்ம கப்பலுக்குமா?" என்றார். "நம்ம கப்பலுக்கும்தான் அண்ணே."

பகல் பன்னிரண்டுக்கு மேல் சாக்ரெஸ் ஆறு வந்து சேரும் கம்போவாவைத் தாண்டி குலேப்ரா வெட்டு. இதுதான் மலையைப் பிளந்த இடம், 13 கிலோமீட்டருக்கு மேல். ஏரியின் விரிவெல்லாம் சுருங்கி இரண்டு பக்கமும் படிப்படியாக வெட்டிய கரை நெருங்கி வருகிறது. தோண்டத் தோண்டச் சரிந்த மலை இது. முந்தைய நாள் அள்ளிய இடத்தில் மறுநாள் மண் மறுபடி நிற்கும். கொசுவை வில்லியம் கோர்காஸ் அடக்கியிருந்தார்: தேங்கிய தண்ணீரை வடித்து, வடிக்க முடியாததில் எண்ணெய் ஊற்றி, வீட்டு ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்து. ஆனாலும் வெடிவிபத்திலும் மண்சரிவிலும் நோயிலும் அமெரிக்கர் காலத்தில் இறந்தவர்கள் அரசுக் கணக்கில் 5,600க்கு மேல். அதில் பெரும்பாலோர் பார்படாஸ், ஜமைக்கா போன்ற தீவுகளிலிருந்து வந்த கறுப்பர்கள். சம்பளப் பட்டியலே இரண்டு: அமெரிக்க வெள்ளையருக்குத் தங்கப் பட்டியல், இவர்களுக்கு வெள்ளிப் பட்டியல். கூலி வேறு, தங்கும் இடம் வேறு, சாப்பிடும் இடம் வேறு.

அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு ட்ரூரோ நினைவுக்கு வந்தது. 1860இல் நம் கடற்கரையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்குப் போன கப்பல். அப்போது துறைமுகம்கூடக் கட்டவில்லை, அலையில் மசூலாப் படகில் போய்த்தான் ஏற வேண்டும். இந்த மலையை வெட்டியவர்கள் வேறு ஊர்க்காரர்கள், ஏறிய கரை வேறு. வயிறு ஒன்றுதான்.

பெட்ரோ மிகுவெல் லாக்கில் ஒரு படி இறங்கினோம். மிராஃப்ளோரஸில் இரண்டு படி. இறங்குவது ஏறுவதுபோல் இல்லை, சுவர் மெல்ல மெல்ல நம்மை விழுங்குகிறது. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் எண்பது ரயில் கண்முன் வந்தது. பார்வையாளர் மாடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்று கைகாட்டினார்கள். 1999 டிசம்பர் 31 அன்றுதான் கால்வாய் அவர்கள் நாட்டின் கைக்கு முழுதாக வந்தது.

மிராஃப்ளோரஸில் அண்ணன் திசைகாட்டியை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக் போகிறவன் மேற்கே போக வேண்டும். நாங்கள் நாள் முழுக்கத் தென்கிழக்கே வந்திருக்கிறோம். நிலம் அங்கே அப்படி வளைந்து கிடக்கிறது.

மாலையில் அமெரிக்கப் பாலத்தின் கீழே பசிபிக்கில் நுழைந்தோம். கரையெல்லாம் சேறு, தண்ணீர் உள்வாங்கிக் கிடந்தது. நம் ஊரில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர் அளவுதான். இங்கே ஐந்து மீட்டருக்கு மேல். அண்ணன் அதையும் நின்று பார்த்துவிட்டுத்தான் கீழே வந்தார். காலையிலிருந்து அவர் உட்காரவே இல்லை. மாத்திரை கொடுக்க நானும் மறந்துவிட்டேன். அண்ணி இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும்.

மார்ச் 8, கடல்

விட்டுப்போனது இரண்டு.

ஒன்று, 2023. மழை பொய்த்து ஏரி இறங்கியதால் நாளொன்றுக்கு 36 கப்பல் போன இடத்தில் 22 வரை குறைத்தார்கள். இரண்டு கடலிலும் நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் காத்துக் கிடந்தன. வரிசையைத் தாண்டிப் போக ஒரு கப்பல் ஏலத்தில் கிட்டத்தட்ட 40 லட்சம் டாலர் கட்டியது. 2019இல் லாரித் தண்ணீருக்கு முன்கூட்டிப் பதிவு செய்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கும், இரண்டு பங்கு விலை கொடுத்துத் தனியார் லாரியைத் திருப்பிக்கொண்டவர்களுக்கும் இது புரியும். புதிய லாக்கில் பக்கவாட்டுத் தொட்டிகள் கட்டி ஒருமுறை விட்ட தண்ணீரில் அறுபது சதவீதத்தைத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். அது நல்ல வேலை, மனசாரச் சொல்கிறேன். அதுவும் போதாமல் ரியோ இண்டியோ என்ற இன்னொரு ஆற்றை மறிக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். அங்கே இருக்கிற ஊர்க்காரர்கள் எதிர்க்கிறார்கள். அவர்கள் நிலம் மூழ்கும். குடிநீருக்கு அணை கட்டும்போது யாராவது ஒருவர் வீட்டைக் காலி செய்கிறார் என்பது என் வேலையில் நான் தினமும் நினைத்துக்கொண்ட விஷயம் இல்லை. நினைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, தூத்துக்குடித் தம்பி. நேற்று இரவு சாப்பாட்டில் "எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டார். நீங்கள் பார்க்கவில்லையா என்றேன். "இதோட ஒம்பது தடவை கடந்துட்டேங்க்கா. ஒரு தடவகூட மேல வந்ததில்ல. அந்த நாள்லதான் எல்லாரும் கப்பல்லயே இருப்பாங்க, சாப்பாடு ஓயாது." இன்று மதியம் அவருக்குக் கிடைத்த ஓய்வு நேரத்தில் அண்ணன் தன் செல்போனில் எடுத்த படங்களை எல்லாம் காட்டினார். துடுப்புப் படகு கயிறு வாங்குவதைத் தம்பி மூன்று முறை திருப்பிப் போட்டுப் பார்த்தார். "எங்க ஊர் வள்ளத்துல இப்படித்தான் தூக்கிப் போடுவோம்" என்றார். அவர் அம்மாவுக்கு அனுப்ப அந்த ஒரு படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மார்ச் 9, பூந்தரேனாஸ்

கோஸ்டா ரிக்கா. மழைக்காடு பார்க்கப் போனார்கள், நாங்கள் போகவில்லை. துணி துவைத்தோம்.

மார்ச் 27, சென்னை

ஊர் வந்து ஐந்து நாள். விமான நிலையத்தில் மஞ்சள் அட்டையைக் காட்டினோம், பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

இன்று அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு பேசின் பிரிட்ஜ் பக்கம் போனார். அந்தப் பெயரில் இருக்கிற பேசின், படகுகள் வந்து நின்ற குளம். நம் தாத்தா பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து விறகும் கிளிஞ்சலும் ஏற்றிக்கொண்டு பக்கிங்காம் கால்வாயில் இங்கே வந்தவர். காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கரையில் இரண்டு பேர் தோளில் கயிறு போட்டு இழுத்துக்கொண்டே நடப்பார்கள். வழியில் லாக்கு வரும். கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற கால்வாய் ஆகையால் மட்டம் பிடிக்கக் கதவு போட்டிருந்தார்கள். கதவு திறக்கும்வரை படகிலேயே சோறாக்கிச் சாப்பிட்டுவிட்டுக் காத்திருப்போம் என்று தாத்தா சொன்னதை அண்ணன் கேட்டிருக்கிறார். நான் அப்போது கைக்குழந்தை, எனக்கு வந்தது எல்லாம் அண்ணன் வாய் வழியாகத்தான். கட்டூனில் கதவு மூடியபோது அண்ணன் ஏன் கையைக் கட்டிக்கொண்டு அப்படி நின்றார் என்பது இன்றுதான் தெரிந்தது.

இந்தக் கால்வாயின் முதல் துண்டு 1806இல் எண்ணூர் பக்கம் வெட்டியது. நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற துண்டு 1877, 78இல், தாது வருடப் பஞ்சத்தில், பட்டினியாக வந்தவர்கள் கஞ்சிக்கும் கூலிக்கும் வெட்டியது. அப்போதிருந்த கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு. வெட்டியவர்கள் யார் பெயரும் எங்கும் இல்லை, குலேப்ராவைப் போலவே. காக்கிநாடாவிலிருந்து மரக்காணம் வரை 796 கிலோமீட்டர். பனாமாவைப்போல் பத்து மடங்கு நீளம். இப்போது மயிலாப்பூரில் பறக்கும் ரயிலின் தூண்கள் அதன் நடுவயிற்றில் நிற்கின்றன. 2004இல் சுனாமி வந்தபோது, அந்த நிலையிலும், கரைதாண்டி வந்த தண்ணீரைத் தாங்கி வாங்கிக்கொண்டது இதுதான்.

பாலத்தின் மேல் நின்று பார்த்தோம். தண்ணீர் கறுப்பாக, அசையாமல் கிடந்தது. அண்ணன் ஒரு சிறு கல்லை எடுத்துப் போட்டார். வட்டம் வந்தது, கரைவரை போனது.

"எவ்ளோ ஆழம் இருக்கும்?" என்றார்.

"அளக்கணும் அண்ணே."

ஏப்ரல் 2, சென்னை

வேலையில் இருந்த காலத்திலிருந்தே காலையில் எனக்கு முதல் வேலை ஏரிகளின் மட்டம் பார்ப்பது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம். ஓய்வு பெற்றும் விடவில்லை. கட்டூன் ஏரியின் மட்டத்தையும் அங்கே தினமும் வெளியிடுகிறார்கள், அடிக்கணக்கில், நம் ஏரிகளைப் போலவே. அங்கேயும் இப்போது கோடை, மே மாதம்தான் மழை.

இன்று காலை அண்ணன் போன் செய்தார். செம்பரம்பாக்கம் சொன்னேன். செங்குன்றம் சொன்னேன்.

"கட்டூன்?" என்றார்.